கொலுசு கருக்கும் காற்று

டெல்லியில் குளிர்காலம் வந்தால் ஆளுக்கொரு காற்று விஞ்ஞானி ஆகிவிடுகிறோம். பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்பே கைபேசியில் இன்றைக்கு ஏக்யூஐ எத்தனை என்று பார்க்கிறோம். பிஎம் 2.5 பற்றிப் பேசத் தெரியாத ஆட்டோக்காரர் இந்த ஊரில் இல்லை. ஆனால் ஜங்புராவில், பாராபுல்லா நாலா என்ற பெரிய சாக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி வாடகைக்குக் குடியிருக்கும் எனக்கு அந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. ஆகஸ்டில் நல்ல மழை பெய்து முடிந்திருக்கும். செயலி பச்சை நிறத்தில் சிரிக்கும். ஜன்னலைத் திறந்தால் கூமுட்டை நாற்றம் குடலைப் புரட்டும்.

செயலி பொய் சொல்லவில்லை. அதற்கு அந்த வேலை கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத்தர அளவுகோலில் 12 மாசுகள் இருக்கின்றன. ஏக்யூஐ கணக்கில் வருபவை 8. அம்மோனியா உண்டு, ஈயம் உண்டு, ஓசோன் உண்டு. சாக்கடையிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு இரண்டு பட்டியலிலும் இல்லை. நகரத்தின் 22 நாலாக்கள் யமுனையில் போய் விழுகிற ஒரு தலைநகரத்தில் இது கொஞ்சம் வேடிக்கைதான்.

அப்படியானால் நாமே அளந்து பார்க்க முடியுமா? அதுவும் லட்சக்கணக்கில் செலவழிக்காமல்? இந்தக் கேள்வியோடு கொஞ்ச காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கழிவுநீரில் சல்பேட் எப்போதும் இருக்கும். நிலத்தடி நீரிலிருந்து வரும், சோப்புத்தூளிலிருந்து வரும், மலத்திலிருந்தும் வரும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருக்கும்வரை தொல்லை இல்லை. அது தீர்ந்ததும் அடிச்சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் சல்பேட்டை எடுத்துக்கொண்டு சல்பைடை வெளியே தள்ளும். அது தண்ணீரிலேயே கரைந்து கிடக்கலாம், அல்லது வாயுவாக வெளியேறலாம். தண்ணீரின் பிஎச் 7 என்றால் ஏறக்குறையப் பாதி, வாயுவாகக் கிளம்பத் தயாராக இருக்கும். அமிலத்தன்மை கூடினால் இன்னும் அதிகம். வெயில் ஏறினால் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். நாலாவில் தண்ணீர் படி இறங்கி விழும் இடத்திலும், இரண்டு குழாய்கள் சேர்ந்து நுரைக்கும் இடத்திலும் நாற்றம் ஏன் அதிகம் என்றால், கலக்கும்போதுதான் கரைந்திருக்கும் வாயு வெளியே வருகிறது.

இனி அளவு. மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். மனித மூக்கு இந்த வாயுவைப் பில்லியனில் சில பங்கு இருந்தாலே, அதாவது சில பிபிபி அளவிலேயே, கண்டுபிடித்துவிடும். நாற்றத் தொல்லை இல்லாமலிருக்க அரை மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது சுமார் 5 பிபிபி. உடல்நலத்துக்காக அது வைத்திருக்கும் 24 மணி நேர வரம்பு 150 மைக்ரோகிராம், சுமார் 100 பிபிபி. ஆளைக் கொல்லும் அளவு வேறொரு உலகம். 100 பிபிஎம்மை, அதாவது மில்லியனில் 100 பங்கை, உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வகுத்திருக்கிறது. அந்த அளவை ஒட்டித்தான் மூக்கும் மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். 5 பிபிபிக்கும் 100 பிபிஎம்முக்கும் நடுவே 20,000 மடங்கு இடைவெளி. எந்தக் கருவியானாலும் இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கவேண்டும்.

நாலா ஓரத்தில் இந்த வாயுவை முதலில் அளந்தவர்கள் மதராசி கேம்ப் பெண்கள் என்று சொல்வேன். டெல்லித் தமிழர்களுக்கு அந்த இடத்தைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பாராபுல்லா நாலாவின் கரையில், ஜங்புரா பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வந்த உழைப்பாளிகள் தலைமுறைகளாகக் குடியிருந்த குடிசைப் பகுதி. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா அங்கேதான் இருந்தார். ஒருமுறை காற்று மாசு பற்றி நான் ஏதோ பெரிதாக விளக்கிக்கொண்டிருந்தபோது காலை நீட்டிக் காட்டினார்.

“இத பாரு தம்பி. ஊருக்குப் போனா பளிச்சுன்னு இருக்குது. இங்க வந்தா பத்து நாள்ல கருத்துப் போவுது. போன தீவாளிக்கு வாங்குன வெள்ளிக் கொலுசு.”

“வேர்வைல கருக்கும்க்கா.”

“ஊர்ல வேர்க்காதா? பொட்டிக்குள்ள வெச்சிருக்கிற குங்குமச் சிமிழும்தான் கருக்குது. அதுக்கு வேர்க்குமா?”

பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு இடங்களை ஒப்பிட்டு, வேர்வை என்ற மாற்றுக் காரணத்தையும் பெட்டிக்குள்ளிருக்கும் சிமிழைக் கொண்டு தள்ளிவிட்டார். ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதைத்தான்.

வெள்ளி ஹைட்ரஜன் சல்பைடோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. முதலில் இளம் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் கருப்பு. செம்பும் கருக்கும். நாலா ஓரத்துக் காலனிகளில் ஏசி மெக்கானிக்குகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், காயில் அரித்துக் கேஸ் கசிகிற கதையைச் சலிக்காமல் சொல்வார்கள். பெரிய நிறுவனங்களுக்கும் இது தெரியும். சீனாவிலும் இந்தியாவிலும் பழுதாகித் திரும்பிவரும் கணினிகளின் மதர்போர்டுகளில் செம்பு இணைப்புகளைக் காற்றிலுள்ள கந்தகம் அரித்திருப்பதாக 2013-இல் இன்டெல் தரப்பிலிருந்தே செய்தி வந்தது. சர்வர் அறைகளில் செம்பு, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் தொங்கவிட்டு அதன்மேல் படியும் அரிப்பை அளப்பது அந்தத் துறையில் வழக்கம். அதற்குச் சர்வதேச ஆட்டோமேஷன் சங்கத்தின் 71.04 என்ற தரநிலை இருக்கிறது. 30 நாளில் வெள்ளியின்மேல் படியும் படலம் 200 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாக, அதாவது 20 நானோமீட்டருக்குள், இருந்தால் கருவிகளுக்குப் பாதுகாப்பான காற்று. சர்வருக்கு இருக்கிற இந்தக் கொடுப்பினை நாலா ஓரத்து மனிதருக்கு இல்லை.

ஆக, நான் பரிந்துரைக்கும் முதல் முறை வெள்ளித் துண்டு. சாந்தினி சௌக்கில் தரீபா கலான் என்ற வெள்ளிக்கடைத் தெரு இருக்கிறது. மெல்லிய சுத்த வெள்ளிக் கம்பியோ தகடோ கொஞ்சம் வாங்கி, சம அளவாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஸ்டெர்லிங் வேண்டாம், அதில் செம்பு கலந்திருக்கும். மிட்டாயில் ஒட்டும் வர்க் என்ற வெள்ளித்தாள் இன்னும் மலிவாயிற்றே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் சந்தையில் வெள்ளி என்ற பெயரில் அலுமினியமும் வருகிறது, அது எந்த நாலாவிலும் கருக்காது. துண்டுகளைச் சமையல் சோடா தொட்டுத் துடைத்து, கழுவி, உலர்த்தி, அதன்பின் விரல் படாமல் இடுக்கியால் எடுங்கள். கவிழ்த்த பிளாஸ்டிக் டம்ளருக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்டால் மழை படாது. ரப்பர் பேண்டால் மட்டும் கட்டாதீர்கள். ரப்பரிலேயே கந்தகம் இருக்கிறது, நாலாவே வேண்டாம், அதுவே கருக்கவைத்துவிடும். சமையலறை ஜன்னலும் கூடாது. முட்டை, வெங்காயம், எரிவாயுவில் மணத்துக்காகச் சேர்க்கும் பொருள் எல்லாம் கந்தகம்தான்.

ஒரு துண்டு நாலா ஓரம். இன்னொன்று நாலாவிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் நண்பர் வீடு. மூன்றாவது, இறுக மூடிய கண்ணாடி ஜாடிக்குள். மூன்றும் அதே வாரங்களில். இந்தக் கடைசி நிபந்தனை டெல்லியில் ரொம்ப அவசியம். மே மாத வறட்சியில் கருக்கிற வேகம் வேறு, ஜூலை ஈரத்தில் வேறு. மே மாதத் துண்டை ஜூலைத் துண்டோடு ஒப்பிட்டால் பருவத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

இதையே இன்னும் நேர்த்தியாகச் செய்கிற முறை ஒன்று நியூசிலாந்திலிருந்து கிளம்பியது. ரோடோருவா என்ற ஊர் வெந்நீர் ஊற்றுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது, ஊர் முழுக்க அந்த நாற்றம். அங்கே கிளேர் ஹார்வெல் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் கருப்பு வெள்ளைப் புகைப்படத் தாளை ஊரெங்கும் வைத்து, எந்தத் தெருவில் எவ்வளவு வாயு என்று வரைபடமே போட்டார்கள். ஆய்வு 2005-இல் வெளியானது. புகைப்படத் தாளின் பூச்சில் இருக்கும் வெள்ளி உப்பு, வாயு பட்டதும் பழுப்பாகிறது. பத்தாண்டு கழித்து அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சாரா வைலி, பப்ளிக் லேப் என்ற மக்கள் அறிவியல் அமைப்போடு சேர்ந்து, இதை வயோமிங் மாநில எண்ணெய்க் கிணறுகளின் பக்கத்தில் குடியிருப்பவர்களே செய்யும்படி எளிமையாக்கினார். கிணற்றுக்கு எந்தப் பக்கம் வாயு போகிறது என்பதைத் தாளின் கறை காட்டியது. அந்த ஆய்வுக் கட்டுரை 2017-இல் வந்தது.

எனக்கு இந்த முறையின்மேல் தனிப் பிரியம். சென்சார் காட்டும் எண்ணை நம்பு என்றால்தான் நம்பவேண்டும். கறை படிந்த தாளை யார் கையிலும் கொடுக்கலாம், வார்டு கவுன்சிலர் கையில் கூட.

டெல்லியில் செய்ய நினைத்தால் சாந்தினி சௌக்கில் குச்சா சௌத்ரி என்ற கேமரா சந்து இருக்கிறது. போட்டோ பேப்பர் என்று கேட்டால் இன்க்ஜெட் பிரிண்டர் தாளைத்தான் நீட்டுவார்கள். அதில் வெள்ளியே கிடையாது. டார்க்ரூமில் பிரிண்ட் போடும் கருப்பு வெள்ளை பேப்பர், கூடவே அதை ஃபிக்ஸ் செய்யும் ஹைப்போ என்று விளக்கிக் கேளுங்கள். பழைய சரக்கு எந்தக் கடையில் கிடக்கிறது என்று தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கே எப்போதும் இருப்பார். தாளைக் குறைந்த சிவப்பு வெளிச்சத்தில் சிறு பட்டைகளாக வெட்டி, வெளிச்சமும் மழையும் படாத, ஆனால் காற்றுப் புகுகிற கூட்டுக்குள் வைத்து ஒரு வாரம் விட்டுவிடவேண்டும். திரும்ப எடுத்ததும் ஹைப்போவில் முக்கினால் வாயுவோடு சேராத வெள்ளி உப்பு கரைந்து போய்விடும், கறை அப்படியே நிற்கும். பிறகு நன்றாகக் கழுவி உலர்த்தலாம். எங்கும் வைக்காத பட்டை ஒன்றையும் அதே ஹைப்போவில் முக்கிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கைபேசியில் படம் எடுத்தால் ஒவ்வொரு விளக்கிலும் ஒரு நிறம் வரும். ஜெராக்ஸ் கடை ஸ்கேனரில் எல்லாப் பட்டைகளையும் ஒன்றாக வைத்து ஒரே ஸ்கேனாக எடுப்பது நல்லது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதை நாலாவில் கொட்டிவிட்டு நாலாவைப் பற்றிப் புகார் எழுதாதீர்கள்.

இந்தப் பழுப்பு எத்தனை பிபிபி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தெரிந்த அளவு வாயுவில் பட்டைகளை வைத்து நிற அட்டவணை தயாரித்தால் அதையும் சொல்லலாம்.  அதற்கு நமக்கு ஒரு கல்லூரி வேதியியல் துறையின் தயவு வேண்டும். வீட்டில் அந்த வாயுவைத் தயாரித்துப் பார்க்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் தயவுசெய்து கைவிடுங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், லெட் அசிடேட் தாள். ஈரப்படுத்திக் காட்டினால் வாயு பட்டுக் கருக்கும். காரி பாவ்லியை ஒட்டிய திலக் பஜாரில் ரசாயனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே கிடைக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. அது ஈயம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாத பொருள். சில நிமிடங்களில் நிறம் மாறவேண்டுமானால் பிபிஎம் கணக்கில் வாயு வேண்டும். நாள்கணக்கில் வெளியே விட்டால் படிந்த கறையே காற்றிலும் வெயிலிலும் வெளுக்க ஆரம்பிக்கும்.

இப்போது சென்சார். செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் எம்க்யூ-136 என்ற சிறு உருளை கிடைக்கும். ஹைட்ரஜன் சல்பைடு சென்சார் என்றே விற்பார்கள். ஆர்டினோ பலகையில் இணைத்தால் திரையில் எண் ஓடும். பொறியியல் மாணவர்களின் பிராஜெக்டுகளில் பாதி இதை வைத்துத்தான் நடக்கிறது. உள்ளே ஒரு ஹீட்டர், அதன்மேல் வெள்ளீய ஆக்ஸைடு. வாயு பட்டால் மின்தடை மாறும். சிக்கல் என்னவென்றால் இது பிபிஎம் படியில் நிற்கிற கருவி, 1 பிபிஎம்முக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. மூக்கைப் பொத்தவைக்கும் காற்றில்கூட அது சும்மா இருக்கும். சும்மா இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எகிறும், சானிடைசருக்கு எகிறும், பனி விழுந்தால் எகிறும். இரண்டு தசமத்தோடு வரும் அந்த எண்ணைப் பார்த்து மனிதர்கள் ஏமாறுகிறார்கள். பிபிபி அளவைப் பிடிக்கும் மின்வேதியியல் சென்சார்கள் உண்டு. ஆல்ஃபாசென்ஸ் நிறுவனத்தின் பி4 வகை அதற்குப் பேர்போனது. ஆனால் அதன் விலையும், வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்பத் திருத்தம் போடும் வேலையும் குறைந்த செலவுக் கணக்கில் வராது. காசு குறைவென்றால் வெள்ளியும் தாளும்தான். எம்க்யூ-136-ஐ வாங்கி எண்களைக் குவிப்பது வீண் என்பது என் முடிவு.

காசே இல்லாத முறையும் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னோடிகள் கடலூர்க்காரர்கள். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய கிராமத்தினர் 2004-இல் சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழுவாகத் திரண்டார்கள். சென்னையிலிருந்து நித்யானந்த் ஜெயராமன், ஸ்வேதா நாராயண் போன்றவர்கள் துணை நின்றார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு விசேஷப் பையை வைத்து, வாளிக்குள் வெற்றிடம் உண்டாக்கிப் பைக்குள் வெளிக்காற்றை இழுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பும் முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். எரின் பிராக்கோவிச் படத்தில் வருகிற வழக்கறிஞர் எட் மேஸ்ரி கலிஃபோர்னியாவில் 1995 வாக்கில் செய்யவைத்த வாளி அது. கடலூர் மாதிரிகளின் முடிவுகள் அதே 2004-இல் ‘கேஸ் ட்ரபிள்’ என்ற அறிக்கையாக வந்தன.

வாளிக்கு ஆய்வகச் செலவு உண்டு. கந்தக வாயுக்கள் பைக்குள் வெகுநேரம் தங்குவதும் இல்லை. நான் சொல்ல வந்தது அவர்களுடைய இன்னொரு பழக்கத்தை. எந்த நேரம், எங்கே நின்றபோது, எந்த ஆலைப் பக்கத்திலிருந்து, என்ன மாதிரி வாடை, காற்று எந்தத் திசை, கண் எரிந்ததா, தலை வலித்ததா என்று ஊர்க்காரர்கள் வாடைகளைக் குறித்துவைத்தார்கள். அழுகிய முட்டை ஒன்று, நெயில் பாலிஷ் இன்னொன்று என்று வாடைகளைப் பிரித்தறியப் பழகினார்கள். 5 பிபிபியைப் பிடிக்கிற கருவி ஒவ்வொருவர் முகத்திலும் இலவசமாக இருக்கும்போது, அதன் பதிவேடுதான் குறை. ஒரு தெருவில் பத்து வீட்டார் ஒரே நோட்டுப் படிவத்தில் எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. நாற்றம் விடிகாலையில் அதிகமா, நாலா தூர் வாரியதும் குறைந்ததா என்றெல்லாம் அதிலிருந்து எடுத்துவிடலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2008-இல் நாற்ற மாசு பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கோ பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ எழுதும்போது அதைச் சுட்டிக்காட்டி, ஸ்கேன் செய்த பட்டைகளையும் நோட்டையும் இணைத்து, உங்கள் கருவியைக் கொண்டுவந்து இங்கே அளந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். நம் கறை அவர்களை அளக்கவைத்தால் போதும்.

மதராசி கேம்ப் இப்போது இல்லை. நாலாவின் ஓட்டத்தை அடைக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். 370 குடும்பங்களில் 189-க்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள், அதுவும் நகரின் வடகோடியில் நரேலாவில். கரையில் அத்தனை காலம் இருந்த காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்து ஒரு அரசு எண்கூட இல்லாமல் அந்த ஊர் காலியானது. நாற்றம் மட்டும் அவர்களோடு நரேலாவுக்குப் போகவில்லை.

கடைசியாக ஒன்று, இது கெஞ்சிக் கேட்பது. மேலே சொன்ன எந்த முறையும் மேன்ஹோலுக்கோ செப்டிக் டேங்குக்கோ பொருந்தாது. அது ஏணியின் மறுகோடி. தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்க்கும் வழக்கமும் வேண்டாம், உள்ளே மீத்தேன் இருந்தால் வெடிக்கும். 2017 ஜூலையில் கிட்டோர்னியில் 4 பேர், அடுத்த மாதம் லாஜ்பத் நகரில் 3 பேர், 2018 செப்டம்பரில் மோதி நகர் அடுக்குமாடி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் 5 பேர் என்று இந்த ஊரில் இறங்கியவர்கள் திரும்பவில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். உங்கள் சொசைட்டியில் யாராவது ஒரு மனிதரை உள்ளே இறக்கக் கயிற்றோடு வந்தால் தடுத்து நிறுத்துங்கள், இயந்திரம் கேட்டு 14420-க்கு அழையுங்கள். ஏற்கெனவே உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால் நீங்களும் குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.